சோற்றைக் குறைத்து எடை குறைக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைப்பது எப்படி? வயது, உயரம், எடை, சாப்பிடும் மாத்திரை நான்கையும் எழுதுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. எழுதியவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். கீழே ‘ஒரு கப் சோறு’ என்று வரும் இடமெல்லாம் சமைத்த சோறு 150 கிராம். அதில் மாவுச்சத்து சுமார் 40 கிராம்.

உசிலம்பட்டி வாசகர்: நாளை முதல் சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தப் போகிறேன். சரியா?

சரியில்லை. மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் மாவுச்சத்து சாதாரணமாக உள்ளே போகும். அதை ஒரே நாளில் பூஜ்யமாக்கினால் நான்காம் நாள் இரவு பரோட்டாக் கடையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். முதலில் மூன்று நாள் எதையும் மாற்றாமல், சாப்பிடுவதை மட்டும் எழுதிவையுங்கள். எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு, டீயில் எத்தனை ஸ்பூன் சீனி. நான்காம் நாள் டீ, காபிச் சீனியையும் பிஸ்கட்டையும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் இரவு இட்லி, தோசையை எடுத்துவிட்டு முட்டை, மீன், கோழி அல்லது பனீரோடு ஒரு தட்டுக் காய் வையுங்கள். மூன்றாம் வாரம் மதியச் சோற்றை ஒரு கப்பாக்குங்கள். காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை. இட்லி ஒன்றுக்கு 10 முதல் 12 கிராம் என்று வைத்துக்கொண்டால், பருப்பு, தயிர், காய் எல்லாம் சேர்த்து 130 கிராமுக்குள் அடங்கும். தொடங்குகிறவருக்கு இது போதும். 50 கிராமுக்குக் கீழே போகும் கீட்டோ முறையெல்லாம் டாக்டர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கண்ணால் அளந்த ஒரு கப் பெரும்பாலும் ஒன்றரைக் கப்பாகத்தான் இருக்கும்.

அண்ணாநகர் வாசகி, வயது 54: சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நானும் சோற்றைக் குறைக்கலாமா?

என்ன மாத்திரை என்று எழுதவில்லையே அம்மா. அதுதான் இங்கே முழு விஷயமும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம், மீட்டரிலோ சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்தப் பயம் குறைவு. எடை இறங்க இறங்க பிரஷர் மாத்திரை அதிகமாகிப்போய், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். அதனால் முதலில் மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் போங்கள். தட்டை அப்புறம் மாற்றலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டைப் 1 சர்க்கரைக்காரர்கள் இந்தப் பகுதியைப் படித்துத் தொடங்கவே வேண்டாம்.

மேலூர் வாசகர்: அரிசியை முழுக்க விட்டுவிட்டேன். காலையில் கம்பங்கூழ், மதியம் ராகிக் களி, இரவு தினை உப்புமா. இரண்டு மாதமாகியும் அரைக் கிலோகூட இறங்கவில்லை. ஏன்?

வாரம் தவறாமல் வரும் கேள்வி இது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து இன்னும் அதிகம். கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம். ராகியில் 67, வரகில் 66, கம்பில் 62, தினையில் 60 சொச்சம். கோதுமை மாவும் 64-தான், ஓட்ஸும் அந்தப் பக்கம்தான். ஆக நீங்கள் செய்தது மாவுச்சத்துக் குறைப்பு இல்லை, தானிய மாற்றம். 100 கிராம் மாவில் கிண்டிய ஒரு களி உருண்டை, ஒன்றரைக் கப் சோற்றுக்கும் மேல். களி ஒன்றோடு நிறுத்துகிறவர் யார்? கூழில் ஒரு கை அரிசி நொய் சேர்த்துக் காய்ச்சும் வழக்கமும் நம் பக்கம் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

சிறுதானியத்துக்கு மதிப்பில்லை என்று சொல்ல வரவில்லை. ராகியிலும் கம்பிலும் நார்ச்சத்து 11 கிராம், தீட்டிய அரிசியில் 3-தான். ராகியில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவு இருக்கிறது, அரிசி பக்கத்தில்கூட வர முடியாது. அரிசிக்குப் பதில் அதே அளவில், அல்லது அதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் நல்லது. ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் எடை எப்படி இறங்கும்?

அதிலும் கடையில் கிடைக்கும் சாமையும் வரகும் பெரும்பாலும் பளபளவென்று தீட்டியவை. உமியோடு தவிடும் போய், நார்ச்சத்தில் பாதிக்கு மேல் மில்லிலேயே தங்கிவிடுகிறது. தவிட்டு நிறம் தெரிகிற அரிசியாகப் பார்த்து வாங்குங்கள். நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சினால் முழுத் தானியத்தைவிட வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். நாம் ‘உடம்புக்கு நல்லது’ என்று மடமடவென்று குடிப்பது அந்தக் கூழைத்தான்.

இதற்கு மேல் ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ், சத்துமாவு ரெடிமிக்ஸ். பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். அளவில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். மைதா முதலில், சீனி இரண்டாவது, ராகி மூன்றாவது என்றால் அது ராகி பிஸ்கட் இல்லை, ராகி வாசனை காட்டிய மைதா பிஸ்கட். சத்துமாவில் பொட்டுக்கடலை, கோதுமை, நாட்டுச்சர்க்கரை எல்லாம் போட்டு, பாலில் காய்ச்சி, மேலே வெல்லம் போட்டுக் குடித்துவிட்டு ‘டயட்டில் இருக்கிறேன்’ என்று எழுதுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மேலூர்க்காரர் செய்ய வேண்டியது: கம்பு, ராகி, தினை எதுவானாலும் சமைக்கும் முன் தராசில் 40 கிராம். நாளுக்கு இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வேளை தானியமே இல்லாமல் முட்டை, மீன், சுண்டல், காய். ஒரு மாதம் பாருங்கள்.

செல்லூர் வாசகர்: பழைய சோறு சாப்பிட்டால் மாவுச்சத்து ஏறாதாமே?

ஆறிய சோற்றில் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறும். கொஞ்சம்தான். ஒரு சட்டி பழையது ஒரு சட்டி சோறுதான்.

திருமங்கலம் வாசகி: தொடங்கி மூன்று நாள் ஆகிறது. தலைவலி, கால் பிடிப்பு, எரிச்சல். விட்டுவிடலாமா?

விட வேண்டாம். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் குறையும், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகமாக வெளியே தள்ளும். மதுரை வெயிலில் வியர்வையோடு போவது தனி. கால் டீஸ்பூன் உப்புப் போட்ட நீர்மோர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகும். பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பைச் சேர்க்கக் கூடாது. மறுபடி சொல்கிறேன், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரிடம்.

வாடிப்பட்டி வாசகர்: முதல் வாரம் இரண்டரைக் கிலோ போனது. அடுத்த மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. பேலியோ என்கிற இந்த மாவுச்சத்துக் குறைப்பு முறை பொய்யா?

முதல் வாரம் போனதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் அரைக் கிலோ போல கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கும், ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் போகும். கொழுப்பு கரைவது வாரத்துக்கு அரைக் கிலோ, நன்றாகப் போனால் ஒரு கிலோ. மூன்று வாரம் ஒன்றுமே இல்லையென்றால் எண்ணெயையும் கொறிப்பதையும் பாருங்கள். கடிதத்தின் கடைசியில் ‘பசித்தால் வேர்க்கடலையும் ஒரு மூடித் தேங்காயும்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேர்க்கடலை 100 கிராம் 570 கலோரி. தேங்காய் ஒரு மூடி 500-ஐத் தாண்டும். காபியில் நெய் ஊற்றிக் குடிப்பதையும் சேர்த்தால், விட்ட சோறு வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது. கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம். தேங்காய் இரண்டு சில்லு. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர்.

இடுப்பையும் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். தராசு அசையாத வாரத்தில் இடுப்பு குறைந்திருக்கும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் வர வேண்டும்.

சிம்மக்கல் வாசகர்: வியாபாரம் முடியவே இரவு பத்தரை. ஹோட்டலில்தான் சாப்பாடு. என்ன கேட்பது?

மதுரையில் இந்தக் கவலையே வேண்டாம், ராத்திரி ஹோட்டலில் மாவில்லாத அயிட்டம் வேண்டிய மட்டும் இருக்கிறது. மட்டன் சுக்கா ஒன்று, கலக்கி அல்லது கரண்டி ஆம்லெட் இரண்டு, வெங்காயம். ஈரலும் குடலும் சரிதான். பரோட்டா ஒன்றுக்கு 30 கிராமுக்குக் குறையாது. கொத்துப் பரோட்டா ஒரு தட்டு இரண்டு கப் சோற்றைத் தாண்டும். ஆசைக்கு ஒரு பரோட்டா என்றால் மதியச் சோற்றை விடுங்கள். சால்னாவில் மாவு அதிகமில்லை, மேலே மிதக்கும் எண்ணெய்தான் பிரச்சினை. ஊற்றச் சொல்லாமல் கிண்ணத்தில் வாங்குங்கள். கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு சேரும், இரண்டோடு நிறுத்துங்கள். கறிதோசையில் கறியைவிடத் தோசைதான் அதிகம்.

திருப்பரங்குன்றம் வாசகி: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. முடியுமா?

முடியும், ஆனால் எண்ணிச் சாப்பிட வேண்டும். நாளுக்கு 60 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனீர் 100 கிராமில் 18. தயிர் 400 கிராமில் 12. பருப்பும் பயறும் காய்ந்த எடையில் 60 கிராம் போட்டால் 14. சோயா உருண்டை 30 கிராமில் 15. வேர்க்கடலை ஒரு கைப்பிடியில் 7. கூட்டிப் பாருங்கள், வந்துவிடும். இவற்றோடு 60 கிராம் மாவுச்சத்தும் சேர்ந்தே வரும், அதனால் உங்களுக்குச் சோறு ஒரு கப்புக்கு மேல் கிடையாது. சாம்பாரைப் புரதம் என்று எண்ணாதீர்கள். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு இரண்டு ஸ்பூன்கூடத் தேறாது.

இதே வாசகி முடி கொட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறார். எடை வேகமாகக் குறைந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதம் குறைந்தால் கூடுதலாகவே கொட்டும்.

கோரிப்பாளையம் வாசகர்: மலச்சிக்கல்.

ஒரே வார்த்தையில் கடிதம். பதிலும் சுருக்கம்தான்: இரண்டு வேளையும் 200 கிராம் காய். கீரை, அவரை, வெண்டை, பீர்க்கு, புடலை, கோவை. உருளை, மரவள்ளி, சேனை இந்தக் கணக்கில் சேராது. தண்ணீர். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் இசப்கோல் என்ற நார்ப்பொடி ஒரு ஸ்பூன்.

ஒத்தக்கடை வாசகர்: நெய், கறி, முட்டை இவ்வளவு சாப்பிட்டால் கொலஸ்ட்ரால்?

சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். நன்றாகவே ஏறும். தொடங்கும் முன் ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் டெஸ்ட் எடுங்கள். ஏறியிருந்தால் நெய்யையும் கொழுப்புக் கறியையும் குறைத்து, மீன், நல்லெண்ணெய், கடலை எண்ணெய்ப் பக்கம் போங்கள்.

பெயரும் ஊரும் இல்லாத கடிதம்: ‘டயட் சார்ட் அனுப்பவும். அவசரம்.’

யாருக்கு?

அலங்காநல்லூர் வாசகி: சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? பருத்திப்பால், ஜிகர்தண்டா? பழம்?

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே சர்க்கரைதான். பருத்திப்பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் இருக்கிறது, வேண்டாம். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசினைத் தவிர எல்லாமே இனிப்பு. மாதம் ஒரு முறை, சின்னக் கிளாஸ், அன்றைக்குச் சோறு இல்லை. பழத்தில் பாதிக் கொய்யா சாப்பிடலாம், நல்லது. வாழைப்பழம் ஒன்று இரண்டு இட்லிக்குச் சமம். நுங்கு இரண்டு, தாராளமாக.