கோரிப்பாளையத்தில் கார் ஓட்டியவருக்கு ஜெர்மனி ரோடு சிரமமா?

தம்பி, திருமங்கலத்திலிருந்து நீங்கள் கேட்டது இது: "அக்கா, காலேஜ் நாளிலிருந்து கார் ஓட்டுகிறேன். கோரிப்பாளையத்திலும் மாசி வீதிகளிலும் ஓட்டியவனுக்கு ஸ்டுட்கார்ட் எல்லாம் ஒரு பெரிய விஷயமா? வேலையில் சேர்ந்ததும் கார் வாங்கிவிடலாமா? இத்தாலியில் நம்ம ஊர் மாதிரிதான் ஓட்டுவார்களாமே, அப்படியென்றால் ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி இல்லையா?"

நான் இப்போது ஜெர்மனியிலிருந்து லீவில் மதுரை வந்து நரிமேட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இரண்டு ஊர் ரோடும் மனதில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

வண்டியைக் கையாளுவதில் உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. ஒரு சாண் இடைவெளியில் ஷேர் ஆட்டோவுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே நுழைந்து வந்தவருக்கு ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதும், வலது பக்கமாக ஓட்டுவதும் சில வாரங்களில் பழகிவிடும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. மதுரையில் வழி என்பது அந்தந்த நேரத்தில் கேட்டு வாங்குவது. காளவாசலில் குறுக்கே போக வேண்டுமென்றால் முதலில் முன் சக்கரத்தை அரை அடி உள்ளே விடுகிறோம். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கிறோம். அவர் வேகத்தைக் குறைத்தால் நாம் போகிறோம், குறைக்காவிட்டால் நாம் நிற்கிறோம். மாட்டுத்தாவணி போகிற டவுன் பஸ் திரும்பும்போது கண்டக்டர் படியில் நின்றபடி பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக் கையை நீட்டினால் மொத்த ரோடும் நிற்கிறது. அந்தக் கைக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று யாரும் யோசிப்பதில்லை. இத்தனை பேர் கண்ணாலும் கையாலும் பேசிக்கொண்டே கடந்து போவதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் ஜெர்மனியில் அந்தப் பேச்சே கிடையாது. யாருக்கு வழி என்பது நீங்கள் அந்த முக்குக்கு வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். எல்லோரும் அதை நம்பித்தான் வருகிறார்கள்.

இதை நீங்கள் முதலில் சந்திக்கப்போவது பெரிய ரோட்டில் இல்லை, வீடு இருக்கும் தெருவில். முப்பது கிலோமீட்டர் வேகம் போட்ட குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் சிக்னலோ பலகையோ இருக்காது. அங்கே விதி ஒன்றே ஒன்று: வலது பக்கத் தெருவிலிருந்து வருகிறவருக்கே முதல் வழி. உங்கள் தெரு அகலமாக இருக்கலாம், அவருடையது சந்து மாதிரி இருக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருவார். நம் கண்ணுக்கு அது திமிர் மாதிரித் தெரியும். திமிர் இல்லை, நீங்கள் நிற்பீர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதேபோல மஞ்சள் நிறத்தில் சாய்சதுரப் பலகை போட்ட ரோட்டில் நீங்கள் போகும்போது பக்கத் தெருக்காரர் எல்லோரும் உங்களுக்காக நிற்பார்கள். அங்கே வேகத்தைக் குறைத்து "நீங்க போங்க" என்று வழிவிட்டால் நல்ல மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பின்னால் வருகிறவர் குழம்புவார், நிற்கிறவரும் குழம்புவார். உங்கள் முறை வந்தால் போய்விடுவதும் அங்கே ரோட்டு மரியாதைதான். எனக்குப் பழக அதிக நாள் எடுத்த விஷயம் இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இது நமக்கு அறவே தெரியாத பழக்கம் என்றும் நினைக்காதீர்கள். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறியிருப்பீர்கள். மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நம் விவரமான டிரைவர்கள் கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற பஸ்ஸைக் கண்டதும் யாரும் சொல்லாமலே மேலே நின்றுவிடுவார்கள். முகத்தைப் பார்ப்பதில்லை, பேரம் இல்லை. காட் ரோட்டில் தெரிந்த அந்த ஒழுங்கை ஊருக்குள் ஒவ்வொரு முக்கிலும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஹெட்லைட் அடிப்பதில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். நான்கு வழிச் சாலையில் எதிரே இருப்பவர் லைட்டை அடித்தால் நமக்கு அர்த்தம் "நான் வந்துகொண்டிருக்கிறேன், குறுக்கே வராதே". ஜெர்மனியில் ஊருக்குள் ஒருவர் நின்றுகொண்டு லைட்டைச் சிமிட்டினால் பெரும்பாலும் "நீ போ" என்று அர்த்தம். நீங்கள் பழக்கதோஷத்தில் எச்சரிக்கையாக அடிக்கும் லைட்டை அனுமதியாக எடுத்துக்கொண்டு ஒருவர் நேரே உங்கள் முன்னால் வந்துவிடுவார். ஹாரன் ஊருக்குள் ஆபத்துக்கு மட்டும்தான். இங்கே லாரியின் பின்னால் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கும். அங்கே ஹாரன் கேட்டால் நடந்து போகிறவர்கள்கூடத் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். கோபத்தில் நெற்றியைத் தட்டிக் காட்டுவது, விரலைக் காட்டுவது எல்லாம் அவமதிப்புக் குற்றமாக வழக்காகும். யார் என்ன செய்தாலும் கையை ஸ்டியரிங்கில் வைத்திருங்கள்.

அப்புறம் நடந்து போகிறவர்கள். ரோட்டைக் கடக்கப் போட்ட வெள்ளைக் கோடுகளுக்கு (ஜீப்ரா கிராசிங்) அருகே ஒருவர் கடக்கிற எண்ணத்தோடு வந்தாலே நீங்கள் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் 80 யூரோ அபராதம், ஒரு புள்ளி. புள்ளி என்பது உங்கள் பெயரில் ஏறுகிற கணக்கு. எட்டு சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். சிவப்பு விழுந்து ஒரு நொடிக்கு மேல் ஆனபின் தாண்டினால் 200 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. நான் அபராதத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தனியாக நடந்து போகிறார்கள். கார் நிற்கும் என்று பெற்றவர்கள் நம்பித்தான் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் உங்களுக்கும் பங்கு உண்டு. நிறுத்தத்தில் நாலு பக்க விளக்கும் மின்ன நிற்கிற பஸ்ஸை நடை வேகத்தில்தான் தாண்டலாம். அது எதிர்த் திசையில் வருகிறவருக்கும் பொருந்தும். டவுன் பஸ் நின்றால் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று போகிற பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.

வலது பக்கம் திரும்பும்போது சைக்கிள் நேரே வருகிறதா என்று தோளைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கண்ணாடி மட்டும் போதாது. டிரைவிங் டெஸ்ட்டில் நம்மவர்கள் அதிகம் தோற்கிற இடம் இதுதான் என்று என் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் சொன்னார். நம் ஊரில் கண்ணாடியையே மடக்கி வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. கழுத்தைத் திருப்ப நமக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடம் விட வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

நெடுஞ்சாலைக்கு வருவோம். கப்பலூர் டோல் தாண்டி விருதுநகர் போகும்போது என்ன பார்க்கிறோம்? பாரம் ஏற்றிய லாரி வலது ஓரமாக, நடுத் தடுப்பை ஒட்டி, நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். கார்கள் இடது பக்கம் புகுந்து முந்தும். ஊர்க்காரர் ஒருவர் அடுத்த திருப்பம் தூரம் என்று ராங் சைடில் டூவீலரில் வருவார். ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் இந்த மூன்றில் எதையும் கற்பனைகூடச் செய்ய முடியாது. வலது தடம் இயல்பான தடம். இடது தடம் முந்துவதற்கு மட்டும். முந்தி முடித்ததும் வலதுக்குத் திரும்பிவிட வேண்டும். வலது பக்கம் முந்துவது குற்றம். காரணம் எளிது: பல இடங்களில் வேகத்துக்கு உச்ச வரம்பு இல்லை. நீங்கள் 120-ல் போகும்போது 200-ல் ஒருவர் பின்னால் வரலாம். நீங்கள் எந்தப் பக்கம் நகர்வீர்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்த வேகம் சாத்தியம். வரம்பு இல்லாத இடத்திலும் 130 என்று ஒரு பரிந்துரை வேகம் உண்டு. அதைத் தாண்டிப் போய் விபத்தானால், தப்பு அடுத்தவர் மேல் இருந்தாலும் உங்கள் தலையிலும் ஒரு பங்கு விழலாம். முன் வண்டிக்கு விடும் இடைவெளி வேகத்தில் பாதி: 100-ல் போனால் ஐம்பது மீட்டர். அந்த இடைவெளியைப் பார்த்தால் நம் கை துறுதுறுக்கும். ஐம்பது மீட்டர் என்றால் நமக்கு நாலு வண்டி நுழைகிற இடம்.

மனதைத் தொட்டது ஒன்றைச் சொல்கிறேன். ஆட்டோபானில் நெரிசல் ஆரம்பித்து வண்டிகள் நடை வேகத்துக்கு வந்ததுமே, சைரன் சத்தம் கேட்பதற்கு முன்பே, இடது கோடித் தடத்தில் இருக்கிறவர்கள் இடது ஓரமாகவும் மற்ற எல்லோரும் வலது பக்கமாகவும் ஒதுங்குவார்கள். நடுவில் ஆம்புலன்ஸ் போகிற அளவுக்கு ஒரு பாதை தானாகத் திறந்துவிடும். யாருக்காவது தேவைப்படலாம் என்றுதான் அந்தப் பாதை. செய்யாவிட்டால் குறைந்தது 200 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதத் தடை. நம் ஊரிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட, 108 வந்தால் யானைக்கல் பாலத்தில் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கிக் கையை ஆட்டி வழி எடுத்துக்கொடுக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஈரம் நம்மிடமும் இருக்கிறது. நாம் சைரன் கேட்டபிறகு தொடங்குவதை அவர்கள் நெரிசல் தொடங்கும்போதே செய்துவிடுகிறார்கள்.

பார்க்கிங்கில் பக்கத்து வண்டியை லேசாக உரசிவிட்டால்? இங்கே கூட்டம் கூடும், யாராவது பெரியவர் பஞ்சாயத்துப் பண்ணுவார், ஐந்நூறோ ஆயிரமோ கை மாறும், முடிந்தது. அங்கே கண்ணாடியில் சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போனால்கூட விபத்து நடந்த இடத்தைவிட்டு ஓடியதாகத்தான் கருதுவார்கள்; அது குற்ற வழக்கு. கொஞ்ச நேரம் காத்திருங்கள், உரிமையாளர் வராவிட்டால் போலீஸுக்குப் போன் செய்யுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. வருவார்கள், எழுதிக்கொள்வார்கள், மீதியை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பா ஒன்றுபோல் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஆட்டோபான் வேகம் 120, அதற்கு மேல் அதிகம் மீறினால் அபராதம் பையைக் காலி செய்யும். நெதர்லாந்தில் சைக்கிள்தான் ராஜா. திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் அதைத்தான் முதலில் தேட வேண்டும். பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிறவர் நின்று, புதிதாக நுழைகிறவருக்கு வழி விட வேண்டும். ஜெர்மனி ரவுண்டானாக்களில் இதற்கு நேர் எதிர். இத்தாலியின் தெற்கே, நேப்பிள்ஸ் பக்கம், நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். அங்கே முகம் பார்த்து ஓட்டுகிறார்கள், மதுரைக்காரருக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆனால் பல இத்தாலி ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாது. கேமரா படம் எடுத்துவிடும், மாதங்கள் கழித்து ஜெர்மனி முகவரிக்கே அபராதக் கடிதம் வரும். முன்னால் போகிற காரைப் பார்த்து நுழையாதீர்கள், அவர் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவராக இருக்கலாம்.

கார் உடனே வாங்க வேண்டாம். ஸ்டுட்கார்டில் ரயிலும் பஸ்ஸும் நன்றாகவே இருக்கின்றன. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போக ஒரே மாதச் சீட்டு 2023-லிருந்து இருக்கிறது. முதல் சில மாதம் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து டிரைவர் எங்கே நிற்கிறார், எங்கே நிற்காமல் போகிறார் என்று பாருங்கள்.

லைசென்ஸ் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் நம் இந்திய லைசென்ஸ் செல்லும். அதற்குப் பிறகு ஒரு நாள் ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம், இன்சூரன்ஸும் சிக்கலாகும். எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும். முதலுதவி வகுப்பும் கண் பரிசோதனையும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது. ஓட்டும் தேர்வில் ஜெர்மனில்தான் சொல்வார்கள். வலது, இடது, அடுத்த திருப்பம் என்ற அளவு போதும். தேர்வு நாள் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முகவரி பதிந்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரிஜினல் லைசென்ஸை வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும்.