‘அருமை’ என்பதைத் தாண்டி என்ன எழுதுவது?
இருவர் மட்டுமே உள்ள ஓர் இசைக்குழுவின் ஃபோக் ராக் (நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்த) ஆல்பம் உங்களை உலுக்கிவிட்டது, ஆனால் அவர்களுக்கு ‘அருமை’ என்பதைத் தாண்டி எழுத வரவில்லை என்கிறீர்கள். இசை நுணுக்கம் தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்: இரண்டு குரலும் சேரும் வரியா, அக்கூஸ்டிக் கிட்டார் அடங்கி எலெக்ட்ரிக் எழும் நொடியா? இரண்டே பேர் என்றால் ஒவ்வொரு ஒலியையும் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். அதை ஒருவர் கவனித்தார் என்பதே அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அப்புறம், கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் ஆல்பம் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது பொதுவாக 15 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. வாங்கியவர் எழுதும் குறிப்பு ஆல்பம் பக்கத்திலேயே இருக்கும், பிடித்த பாட்டையும் குறிக்கலாம். புதிதாக வருபவர்கள் கண்ணிலும் அது படும்.