ஏரிக்கரையில் கொக்கு விற்கிறார்கள், யாரிடம் சொல்வது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் சிலர் வலை வைத்துக் கொக்கும் மடையானும் பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையோரம் விற்பனை நடக்கிறது. கேட்டால் காடை என்கிறார்கள். இது குற்றமா? புகார் செய்தால் என் பெயர் வெளியே வருமா? இதை நிறுத்த வேறு என்ன செய்யலாம்?
- திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

குற்றம்தான், சந்தேகமே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டை இல்லை. வலை விரிப்பது, கண்ணி வைப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். முயற்சி செய்தாலே போதும். கொக்கும், கொக்கு இனத்தைச் சேர்ந்த மடையானும் இந்தச் சட்டம் பாதுகாக்கும் உயிரினங்களின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வாங்கிக்கொண்டு போகிறவர் மீதும் வழக்கு வரும்.

காடை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கறிக்கடையில் கிடைக்கும் பண்ணைக் காடை ஜப்பானிய இனம், அதை விற்கத் தடையில்லை. இறகைப் பிடுங்கித் தலையை எடுத்துவிட்டால் மடையானும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கால்களைப் பாருங்கள். காடைக்குக் குட்டையான கால். மடையானுக்கு மெலிந்து நீண்ட கால், சேற்றில் நடப்பதற்கான நீளமான விரல்கள். காலையும் வெட்டியிருந்தால், பக்கத்தில் கிடக்கும் இறகுகளைப் படம் எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாகத் தெரியும் மடையானுக்கு இறக்கை முழுக்க வெள்ளை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயலில் ஒரு கொக்கு நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறதா? அது பார்வைப் பறவையாக இருக்கலாம். காலை முளைக்குச்சியில் கட்டி, பறக்காமல் இருக்கக் கண்ணிமைகளை நூலால் தைத்து நிறுத்துவார்கள். அதை நம்பி மற்றவை இறங்கியதும் வலையை இழுப்பார்கள். இதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறி தொண்டையில் இறங்காது.

நீங்கள் தனியாகப் போய்த் தட்டிக்கேட்க வேண்டாம். தூரத்திலிருந்து படம், இடம், நேரம், வண்டி எண் எடுத்துக்கொண்டு, வனச்சரகருக்கு போன் செய்யுங்கள். அவர் எண்ணை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் தேடினால் கிடைக்காது. அவர் எடுக்காவிட்டால் மாவட்ட வன அலுவலர், அதுவும் முடியாவிட்டால் 112. ‘இது ஃபாரஸ்ட் கேஸ், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று காவல் நிலையத்தில் சொன்னால், சப்-இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேலுள்ளவர்களும் சோதனை போட்டுப் பறிமுதல் செய்ய இந்தச் சட்டத்திலேயே அதிகாரம் உண்டு என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஆள் பிடிபடும் முன்னால் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், அடுத்த ஞாயிறு கடை வேறு இடத்துக்கு மாறிவிடும்.

பெயர் பற்றிய பயம் நியாயமானது. பெயரை ரகசியமாக வைக்கும்படி முதலிலேயே கேளுங்கள். குற்றத் தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸாரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது.

இரக்கப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடும் நல்ல மனசுக்காரர்கள் பலர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாங்குவதும் குற்றம், அதோடு அந்தப் பணம்தான் அடுத்த வலைக்கு முதலீடு.

சரி, ஒரு புகாரோடு இது நின்றுவிடுமா? நிற்காது. பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வருவார். காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் இருக்கும்வரை வியாபாரம் இருக்கும். அதனால் உங்கள் பிரச்சாரம் வாங்குகிறவர்களை நோக்கியே இருக்கட்டும், எந்தச் சமூகத்தின் மீதும் பாய வேண்டாம். பூச்சி மருந்து கலந்த தானியம் தூவியும் பறவை பிடிக்கிறார்கள், எது எப்படிச் செத்தது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. வீட்டில் குழந்தை இருப்பவர்களிடம் இந்த ஒரு விஷயமே நன்றாக எடுபடும்.

அப்புறம் விவசாயிகள். வேடந்தாங்கல் மக்கள் 1798-லேயே, பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்து மூலம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாகாலாந்தில் 2012-இல் அமூர் வல்லூறு என்ற வலசைப் பறவைகளை ஆயிரக்கணக்கில் வலை வைத்துப் பிடித்த பாங்டி கிராமத்திலும், ஊர்ச் சபை முடிவெடுத்த பிறகு அடுத்த வருடமே வேட்டை நின்றது. உங்கள் ஏரிப் பாசனக்காரர்களிடம் பேசுங்கள். வயலில் பூச்சியையும் நண்டையும் தின்பது இந்தக் கொக்குகள்தான் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம், உழும்போது பின்னாலேயே வருவதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்.

அவர்களில் நாலைந்து பேரோடு அடுத்த கிராம சபைக்குப் போய், ஏரியில் பறவை பிடிக்கவும் விற்கவும் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மான நகலை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.