இருவரும் பயமுறுத்தியவர்கள்தானே?

கேள்வி: ஐயா, என் மகள் கல்லூரியில் அமெரிக்க இலக்கியம் படிக்கிறாள். கிறிஸ்தவப் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸின் பிரசங்கத்தையும் அமெரிக்க விடுதலைத் தலைவர் பேட்ரிக் ஹென்றியின் உரையையும் ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். இரண்டு பேரும் ஜனங்களைப் பயமுறுத்தித்தானே பேசினார்கள், வித்தியாசம் எங்கே இருக்கிறது என்கிறாள். நான் என்ன சொல்ல?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, மகள் பாதியைச் சரியாகவே பிடித்துவிட்டாள். பயம் இரண்டிலும் உண்டு. பயந்தவனைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எட்வர்ட்ஸ் 1741 ஜூலை 8-இல் கனெடிகட்டின் என்ஃபீல்டில் பேசியதில், மனசை உலுக்கும் பின்பகுதி 'நீ', 'உன்னை' என்றுதான் போகிறது. நெருப்புக்கு மேலே சிலந்தியைப் பிடித்திருப்பதுபோல் கடவுள் உன்னைப் பிடித்திருக்கிறார், கையை விட்டால் தீர்ந்தது. அப்புறம் அணைக்குள் ஏறிக்கொண்டே இருக்கும் வெள்ளம், நெஞ்சுக்குக் குறிவைத்து நாணேற்றிய அம்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உன்னால் ஆகக்கூடியது எதுவுமில்லை என்று கையைக் கட்டிவிட்டு, கிறிஸ்துவின் கருணை என்ற ஒரே கதவைத் திறந்து காட்டுகிறார். அழுகையும் கூக்குரலும் தாங்காமல் அவர் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது என்று, அங்கே இருந்த போதகர் ஸ்டீபன் வில்லியம்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஹென்றி பேசியதும் ஒரு தேவாலயத்தில்தான், 1775 மார்ச் 23, வர்ஜீனியாவின் ரிச்மண்டில். ஆனால் எதிரே இருந்தவர்கள் மக்கள் பிரதிநிதிகள்; பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்தத் தயாராக வேண்டும் என்று அவர்களை இணங்க வைக்கத்தான் பேசுகிறார். அதனால் முதலில் மாற்றுக் கருத்துக்காரர்களின் நாட்டுப்பற்றைப் பாராட்டிவிட்டு, 'நாம்' என்று அவர்களோடு சேர்ந்து நிற்கிறார். மனுக் கொடுத்தோம், முறையிட்டோம், மன்றாடினோம், அரியணையின் காலில் விழுந்தோம் என்று அவர் வரிசையாகச் சொல்வதை, தோட்டத்துச் சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பிறகு கேள்விகள்: நாம் எப்போது பலமாகப் போகிறோம், அடுத்த வாரமா, அடுத்த வருஷமா? பதிலைக் கேட்பவனே மனசுக்குள் சொல்லிக்கொள்கிறான், அவனே சொன்ன பதிலை அவனால் மறுக்க முடியாது. என் கணக்கில் இதுதான் பலமான உத்தி. முடிவில்கூட மற்றவர்கள் எந்த வழியில் போவார்களோ தெரியாது, எனக்குச் சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு என்று தன் முடிவைத்தான் சொல்கிறார்.

ஒரு விஷயத்தை மகள் கட்டாயம் எழுத வேண்டும். எட்வர்ட்ஸின் பிரசங்கம் அந்த வருஷமே அச்சில் வந்தது. ஹென்றியின் உரையோ, கேட்டவர்களின் ஞாபகத்திலிருந்து அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வில்லியம் விர்ட் தொகுத்து 1817-இல் வெளியிட்டது, அப்போது ஹென்றி உயிரோடு இல்லை. ஆகவே உத்தியைப் பற்றித் தாராளமாக எழுதலாம், ஒவ்வொரு சொல்லும் ஹென்றி வாயிலிருந்து வந்ததே என்று மட்டும் அடித்துச் சொல்ல வேண்டாம்.