வெற்றியை வரையறுப்பதும் கற்பனையின் பயனும்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உயர்தர வகுப்பில் படிக்கும் நீங்கள், வெற்றி என்பது எது, கற்பனையால் அதை அடைய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போவதுதான் வெற்றி என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பலர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. யாரும் பாராட்டாவிட்டாலும் எந்த வேலையை விரும்பிச் செய்வீர்களோ, அங்கிருந்து உங்கள் வரையறையைத் தொடங்குங்கள்.

கற்பனை உறுதியாக உதவும், ஆனால் எதைக் கற்பனை செய்கிறோம் என்பது முக்கியம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஃபாம், டெய்லர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல புள்ளிகள் பெற்றதாக மட்டும் எண்ணிப் பார்த்த மாணவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படிப் படிப்போம் என்பதை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தவர்களே அதிகப் புள்ளிகள் பெற்றனர். ஆகவே பட்டமளிப்பு மேடையை விட்டுவிட்டு, வீட்டார் உறங்கிய பின் எந்த மூலையில் அமர்ந்து எந்தப் பாடத்தைத் திறப்பீர்கள் என்பதையும், மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் கற்பனை செய்யுங்கள்.