ஓராண்டு எம்.எஸ்சி. படித்தால் மரபணு ஆலோசகர் ஆகலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்திருக்கிறாள். வெளிநாட்டில் ஜெனடிக் கவுன்சலிங் படிக்க ஆசைப்படுகிறாள். பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. மனித மரபியல் படித்தால் எந்த நாட்டிலும் ஆலோசகர் ஆகலாம் என்கிறார் ஏஜென்ட். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

மனித மரபியல் நல்ல படிப்பு. ஆய்வகத்துக்குப் போகலாம், பிஎச்.டி. செய்யலாம். ஆனால் உங்கள் மகள் கேட்பது அதுவல்ல. அம்மாவுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் தனக்கும் வருமோ என்று பயந்து வரும் பெண்ணோடும், ஸ்கேனில் குறை தெரிந்த கர்ப்பிணியோடும் உட்கார்ந்து பேசுவதுதான் ஆலோசகரின் வேலை. அதை நோயாளிகள் முன்னால் அமர்ந்துதான் கற்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் குறைந்தது 50 பேருக்கான ஆலோசனையில் மாணவர் நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும்.

ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்பை அங்கீகரித்த அமைப்பு எது? அமெரிக்கா, கனடா என்றால் ஏ.சி.ஜி.சி., பிரிட்டன் என்றால் ஜி.சி.ஆர்.பி., ஆஸ்திரேலியா என்றால் எச்.ஜி.எஸ்.ஏ. என்று பதில் வர வேண்டும். வந்தாலும் நம்பிவிடாமல், அந்த அமைப்பின் இணையதளத்தில் படிப்பின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். ஒரே ஒரு பாடத்தில் ‘கவுன்சலிங்’ என்று இருப்பதைக் காட்டியே கல்லூரியின் கையேடு பல பெற்றோரை மயக்கியிருக்கிறது.

ஏஜென்ட் ஏன் ஓராண்டுப் படிப்பையே தள்ளிவிடுகிறார்? ஒரு மாணவரைச் சேர்த்தால் பல பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கமிஷன் தருகின்றன. கைவிரல் விட்டு எண்ணும் அளவே இடங்கள் உள்ள ஆலோசனைப் படிப்புகளுக்கு ஆள் பிடிப்பவர் தேவையில்லை. அதனால் அவற்றின் பெயரே அவர் வாயில் வராது. அமெரிக்காவில் 2018 முதல் ‘மேட்ச்’ முறை இருக்கிறது. நேர்காணல் முடிந்ததும் மாணவர் தனக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்துவார், கல்லூரியும் மாணவர்களை வரிசைப்படுத்தும், இரண்டையும் கணினி பொருத்தும். இதில் யாரும் சீட் வாங்கித் தர முடியாது. வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார்.

எனக்கும் இந்த முறைமேல் கோபம் உண்டு. ஆண்டுக்கு ஒரே சுற்று. தவறினால் பெரும்பாலும் மறு ஆண்டுதான். சில கல்லூரிகள் விசா தேவைப்படும் மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. அதை முதல் பக்கத்தில் சொன்னால் என்ன? எங்கோ ஒரு மூலையில் ஒற்றை வரியாகப் போட்டிருப்பார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகுதான் பிள்ளைகள் கண்ணில் அது படுகிறது.

படித்த பிறகு வேலை? அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 என்ற வரம்பும் குலுக்கலும் உண்டு. இதில் ஒரு விலக்கு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். பல்கலைக்கழகமோ, அதனோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனையோ வேலை கொடுத்தால் அந்த வரம்பு பொருந்தாது, குலுக்கலும் இல்லை. மரபணு ஆலோசகர்கள் பலர் வேலை செய்வது இத்தகைய மருத்துவமனைகளில்தான். ஆனால் பிறகு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு மாறினால் விலக்கு போய்விடும், குலுக்கலில் நிற்க வேண்டும். மருத்துவமனை ‘லாபநோக்கற்றது’ என்பது மட்டும் போதாது. பல்கலைக்கழகத்தோடு முறையான இணைப்பு இருக்க வேண்டும். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த ஓராண்டை உங்கள் மகள் வேறு வகையில் செலவிடட்டும். ஒரு மரபணு ஆலோசகரோடு சில நாள் உடனிருந்து பார்க்கட்டும். மன உளைச்சலில் இருப்பவர்களுக்கான உதவி எண்ணில் தன்னார்வலராகப் பேசிப் பழகட்டும். தேர்வுக் குழுவினர் இதை மிகவும் மதிக்கிறார்கள். உளவியலும் புள்ளியியலும் படிக்காமல் விட்டிருந்தால் இப்போதே படிக்கட்டும். பிறகு கல்லூரிகளுக்கு அவளே மின்னஞ்சல் எழுதி, வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பீர்களா, மருத்துவமனைப் பயிற்சிக்கு விசாவால் தடை வருமா என்று கேட்கட்டும். அந்தப் பதில்கள் கைக்கு வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.