தடுப்பைத் தாண்டி மின்சாரம்: கேள்வி பதில்

கேள்வி: சார், 12 மி.மீ. கண்ணாடி மீன்தொட்டி. ஒயர் இல்லாம உள்ளே 3 வாட் எல்இடி எரியுமா?

பதில்: எரியும். வெளியே ஒரு காயில், உள்ளே ஒரு காயில். வெளிக் காயிலின் மாறும் காந்தப்புலம் உள் காயிலில் மின்சாரத்தை உண்டாக்கும். கண்ணாடி காந்தப்புலத்தைத் தடுக்காது, எதிரி தூரம்தான். காயிலின் விட்டம் இடைவெளியைப் போல நாலு மடங்கு, அதாவது 50 மி.மீ. இருக்கட்டும். இரண்டு காயிலுக்கும் முதுகில் ஃபெரைட் தகடு (காந்தப்புலத்தை எதிர்க் காயில் பக்கம் திருப்பும் பொருள்) ஒட்டுங்கள். உள்ளே போவதை எபாக்சியில் முழுக்க வார்த்துவிடுங்கள். உப்புத்தண்ணீர் இந்தத் தூரத்துக்கு ஒரு பொருட்டில்லை. ஈரம் சாலிடருக்குள் இறங்கினால்தான் வம்பு.

கேள்வி: அனுப்பும் பக்கம் 24 மைக்ரோஹென்றி காயில், தொடரில் 100 நானோஃபாரட், 12 வோல்ட் சப்ளை. அஞ்சு நிமிஷத்துல கெபாசிட்டர் கொதிக்குது, பவரும் விழுது.

பதில்: ஒத்ததிர்வு (காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்து அதிகம் ஊசலாடும் அதிர்வெண்) 103 கிலோஹெர்ட்ஸ், கணக்கு சரி. நீங்கள் போட்டது 25 வோல்ட் தாங்கும் எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெபாசிட்டராக இருக்கும். ஒத்ததிர்வில் 2 ஆம்பியர் ஓடினாலே கெபாசிட்டரின் மேல் 31 வோல்ட் ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு), உச்சத்தில் 44 வோல்ட். சப்ளை 12 என்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. எக்ஸ்7ஆர் மின்னழுத்தம் ஏறினால் மதிப்பு குறையும், சூடாகும், ட்யூனிங் நழுவும். 100 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் சி0ஜி வகை செராமிக் அல்லது பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர், 33 நானோஃபாரட் மூன்றை இணையாகப் போடுங்கள். காயில் லிட்ஸ் கம்பியில் (தனித்தனியே காப்பிட்ட மெல்லிய இழைகளை முறுக்கியது) இருக்கட்டும்.

கேள்வி: ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். வெளியே கேமரா. இதற்கும் காயில் போதுமா?

பதில்: தூரம் அதிகம், ஓட்டை போட்டு ஒயர் இழுங்கள். 2007-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2 மீட்டர் தூரத்தில் 60 வாட் பல்பை எரித்தார்கள். அதற்கு 60 செ.மீ. விட்டக் காயில்கள் தேவைப்பட்டன, வந்து சேர்ந்தது சுமார் 40 சதவீதம்.

கேள்வி: எம்எஸ் (சாதா இரும்பு) டேங்க், 8 மி.மீ. பிளேட், மூடிய பிறகு திறக்கவே கூடாது. உள்ளே சென்சாருக்கு 100 மில்லிவாட் போதும்.

பதில்: இங்கே காந்தம் வேண்டாம், ஒலியை அனுப்புங்கள். காந்தப்புலம் இரும்பிலேயே சுழல் மின்னோட்டமாகிச் சூடாகிக் கரையும். மீயொலி அப்படியே ஊடுருவும். அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக்கில் 63.5 மி.மீ. இரும்பின் வழியே 50 வாட் அனுப்பி, கூடவே நொடிக்கு 12.4 மெகாபிட் தரவும் எடுத்திருக்கிறார்கள்.

1 மெகாஹெர்ட்ஸ் பிஇசட்டி-4 வகை பீசோ வட்டு (மின்சாரத்தை அதிர்வாகவும் அதிர்வை மின்சாரமாகவும் மாற்றுவது) இரண்டு, பிளேட்டின் இருபுறமும் நேருக்கு நேர். பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று சமமாகத் தேய்த்து, மெல்லிய எபாக்சியில் அழுத்தி ஒட்டுங்கள். நடுவில் ஒரு காற்றுப் படலம் நின்றால் போதும், ஒலி ஏறக்குறைய முழுதும் திரும்பிவிடும். ஒட்டும் முகம் பிளேட்டோடு கிரவுண்டாகிவிடும் என்பதால் அந்த முகத்தின் எலக்ட்ரோடு (மின் இணைப்புக்கான உலோகப் பூச்சு) ஓரம் மடிந்து மேலே வரும் வட்டாக வாங்குங்கள்.

அடுத்து அதிர்வெண். வட்டில் அச்சிட்ட எண்ணில் நிற்காதீர்கள். 8 மி.மீ. பிளேட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு 370 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கும் ஒரு முகடு, அதாவது ஒலி நன்றாகக் கடக்கும் அதிர்வெண், வரும். வட்டுகளும் பசையும் அதை இன்னும் நகர்த்தும். மூடுவதற்கு முன்பே உள்பக்கம் சென்சாருக்குப் பதில் லோடு ரெசிஸ்டர் மாட்டி, 0.8 முதல் 1.2 மெகாஹெர்ட்ஸ் வரை 1 கிலோஹெர்ட்ஸ் படியில் ஓட்டி, வோல்ட் எங்கே எகிறுகிறது என்று பாருங்கள். வெயில் ஏறினால் அந்த முகடும் நகரும். டிரைவர் (வெளி வட்டை அதிரவைக்கும் சுற்று) அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: அதே டேங்க் எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு), 2 மி.மீ. என்றால்?

பதில்: அப்போது காந்தமே போதும், ஆனால் அதிர்வெண்ணை இறக்குங்கள். 100 கிலோஹெர்ட்ஸில் இதன் ஊடுருவல் ஆழம் (காந்தப்புலம் வலுவிழக்கும் முன் உலோகத்துக்குள் இறங்கும் தூரம்) 1.35 மி.மீ., 1 கிலோஹெர்ட்ஸில் 13 மி.மீ.க்கு மேல். காயிலில் சுற்றுகள் கூடும், அவ்வளவுதான். முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் லேசாக இழுத்தால் பரவாயில்லை. பிளேட் முழுக்கக் கவ்விப் பிடித்தால் அது 304 இல்லை, பீசோவுக்கே போங்கள்.